எபோலா 14 லட்சம் பேருக்கு வரும் என்றார்கள், வரவில்லை. அப்புறம் கணினி மாடல்களை எதற்கு நம்ப வேண்டும்?

2014 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஓர் அறிக்கை வெளியிட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 2015 ஜனவரி 20-க்குள் 14 லட்சம் பேருக்கு எபோலா வரலாம் என்பதுதான் அதிலிருந்து உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான வரி. எல்லாம் ஓய்ந்து கணக்குப் பார்த்தபோது, கினியாவையும் சேர்த்து மூன்று நாடுகளிலும் நோய் வந்தவர்கள் ஏறக்குறைய 28,600 பேர். இறந்தவர்கள் 11,300-க்கும் மேல். “ஐம்பது மடங்கு தப்பும் கணக்கை எதற்குப் போட வேண்டும்? வைரஸ் பரவலைக் கணினியில் ஆராய்வது என்பது பயமுறுத்தும் வேலைதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. அந்த 14 லட்சம், நடக்கப்போவதாகச் சொல்லப்பட்ட எண் இல்லை. அதற்காக அந்த எண்ணில் குறையே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

முதலில், அது ஏதோ பெரிய சூப்பர் கணினியில் ஓடிய மாடல் இல்லை. எக்செல் விரிதாளில் செய்யப்பட்டது. மக்களைச் சில நிலைகளாகப் பிரித்திருந்தார்கள்: நோய் வர வாய்ப்புள்ளவர்கள், வைரஸ் உடலுக்குள் வந்தும் இன்னும் அறிகுறி தெரியாதவர்கள், நோயாளிகள், குணமானவர்கள் அல்லது இறந்தவர்கள். நோயாளிகளிலும் மூன்று வகை: மருத்துவமனையில் இருப்பவர், வீட்டிலேயே பாதுகாப்பான ஏற்பாட்டோடு இருப்பவர், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருப்பவர். ஒவ்வொரு நாளும் யார் எந்த நிலையிலிருந்து எதற்கு நகர்கிறார்கள் என்று வரிசையாகக் கணக்கிட வேண்டியதுதான். அப்போது லைபீரியாவில் நோயாளிகள் எண்ணிக்கை 15 முதல் 20 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு எதுவுமே செய்யாமல், மக்களும் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றாமல், இதே வேகம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தபோது வந்த எண் 5.5 லட்சம்.

அப்படியானால் 14 லட்சம் எங்கிருந்து வந்தது? எல்லா நோயாளிகளும் பதிவாவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு விடுபடுகிறது என்று மதிப்பிட, ஆகஸ்ட் 28 என்ற ஒரு நாளை எடுத்துக்கொண்டார்கள். அன்று எபோலா சிகிச்சைப் படுக்கைகளில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று மாடல் சொன்னதையும், உண்மையில் எத்தனை படுக்கைகள் நிரம்பியிருந்தன என்பதையும் ஒப்பிட்டு 2.5 என்ற ஒரு பெருக்கெண்ணை எடுத்தார்கள். 5.5 லட்சத்தை அதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 14 லட்சம். ஒரே ஒரு நாளின் நிலவரத்தை வைத்து எடுத்த பெருக்கெண், அடுத்த நான்கு மாதக் கணக்கையும் இரண்டரை மடங்காக்கியது. என் பார்வையில் அந்த அறிக்கையின் பலவீனமான இடம் இதுதான். “இதே வேகம் தொடர்ந்தால்” என்ற நிபந்தனை அறிக்கையில் தெளிவாகவே இருந்தது. தலைப்புச் செய்திக்குப் போகும் வழியில் அது உதிர்ந்துவிட்டது.

அதே அறிக்கையில் இன்னொரு முடிவும் இருந்தது. நோயாளிகளில் 70 சதவீதம் பேரைச் சிகிச்சை மையங்களிலோ பரவல் குறைவான வேறு ஏற்பாடுகளிலோ வைத்து, இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கமும் செய்தால், கொள்ளைநோய் இறங்கத் தொடங்கி முடிவுக்கு வரும் என்றது அது. அந்த முயற்சியைத் தொடங்குவதில் ஏற்படும் ஒவ்வொரு 30 நாள் தாமதத்துக்கும், உச்சக்கட்டத்தில் வரும் அன்றாட நோயாளிகள் எண்ணிக்கை சுமார் மூன்று மடங்காகும் என்றும் சொன்னது. 14 லட்சத்தைவிட முக்கியமான எண்கள் இவை இரண்டும்தான். எவ்வளவு செய்தால் போதும், எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு வேறு எந்த வழியிலும் அன்று பதில் கிடைத்திருக்காது.

ஐம்பது மடங்கு வித்தியாசம் எப்படி வருகிறது என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதுதான் இந்தத் துறையின் மைய எண். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத தொடக்க நிலையில் அதை ஆர்-நாட் என்பார்கள். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை என்று சொல்வது வழக்கம். எபோலாவுக்கு அன்று கிடைத்த மதிப்பீடுகள் 1.7-இலிருந்து 2 வரை. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நோய் போய்ச் சேர ஏறக்குறைய 15 நாட்கள். 1.8 என்று வைத்துக்கொள்வோம். இன்று 100 நோயாளிகள் இருந்தால், பத்துச் சுற்றுகள் கழித்து, அதாவது ஐந்து மாதத்தில், ஒரு சுற்றில் மட்டும் 35,700 பேர். அதே எண் 1.2 ஆகக் குறைந்தால் 620 பேர். 0.9 ஆனால் வெறும் 35 பேர். தொற்று வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே முடிவு ஐம்பது மடங்குக்கும் மேல் மாறிவிடுகிறது! நீண்ட காலத்துக்கு நீட்டிய எந்தக் கணக்கும் இந்த ஆபத்தோடுதான் வரும்.

இந்தச் சிந்தனை கணினிக்கு முந்தையது. 1927-இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதிய கட்டுரையில்தான் மக்களை நிலைகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை முழு வடிவம் பெற்றது. மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கெர்மாக் ஓர் ஆய்வக விபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். தங்கள் சமன்பாடு சரிதானா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட தரவு, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாராவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கை. பிளேக் வைரஸ் நோய் இல்லை, பாக்டீரியா நோய். எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் குறுக்கே வருவதால் அந்தச் சமன்பாட்டுக்கு அது அவ்வளவு பொருத்தமான நோயும் இல்லை. ஆனாலும் ஏறி இறங்கும் அந்த வளைகோடு அழகாகப் பொருந்தியது. வளைகோடு பொருந்திவிட்டதாலேயே உள்ளே நடப்பது புரிந்துவிட்டது என்று ஆகாது என்பதற்கும் அதே படத்தைத்தான் காட்டுவேன்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள மாடல் எப்படி உதவும் என்பதற்கு எபோலாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. எபோலா இருமலில் பரவுவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, கழிவு, வியர்வை ஆகியவற்றைத் தொடுவதால் பரவுகிறது. இறந்த பிறகு உடலில் வைரஸ் உச்சத்தில் இருக்கிறது. உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, தொட்டு வழியனுப்புவது நோய் பரவிய பகுதி மக்களின் வழக்கம். ஆகவே “இறந்தவர்” என்றதும் கணக்கிலிருந்து நீக்கிவிடும் பழைய மாடல் எபோலாவுக்குப் பொருந்தாது. 2007-இல் வந்த ஓர் ஆய்வு, சமூகத்தில் இருக்கும் நோயாளி, மருத்துவமனையில் இருக்கும் நோயாளி ஆகிய இரண்டோடு, இறந்து இன்னும் அடக்கம் ஆகாதவர் என்று மூன்றாவதாகவும் ஒரு நிலையைச் சேர்த்தது. அதை வைத்து இரண்டு பழைய பரவல்களை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று 1995-இல் காங்கோவின் கிக்விட் நகரில் நடந்தது, 315 நோயாளிகள். மற்றொன்று 2000-இல் உகாண்டாவின் குலு பகுதியில் நடந்தது, 425 நோயாளிகள்.

இரண்டிலும் ஆர்-நாட் 2.7 என்றே வந்தது. ஆனால் அதை மூன்றாகப் பிரித்தபோது கதை வேறு. கிக்விட்டில் சமூகத்தில் 0.5, மருத்துவமனையில் 0.4, இறுதிச் சடங்கில் 1.8. குலுவில் சமூகத்தில் 2.6, மருத்துவமனையிலும் சடங்கிலும் சேர்த்தே 0.1-ஐ ஒட்டித்தான். பிழை வரம்புகள் அகலமானவை, கடைசித் தசமம் வரை நம்ப வேண்டாம். ஆனால் அர்த்தம் தெளிவு. கிக்விட்டில் சடங்கை மட்டும் பாதுகாப்பாக்கினால் மிச்சம் 0.9, நோய் தானாகவே அணையும். குலுவில் அதையே செய்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மாறாது. அங்கே நோயாளிகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்துவதுதான் வழி. ஒரே ஆர்-நாட், ஆனால் இரண்டு ஊருக்கு இரண்டு மருந்து. நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

2014-இல் இது ஏட்டுச் சுரைக்காயாக நிற்கவில்லை. சியரா லியோனில் நோய் வேரூன்றியதே ஒரு சாவு வீட்டில்தான். கினியாவிலிருந்து வந்த நோயாளிகளைக் கவனித்த ஒரு நாட்டு வைத்தியர் இறந்துபோனார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த ஒரு சடங்கோடு தொடர்புபடுத்தக்கூடிய சாவுகள் 365 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. கினியாவில் ஒரு கட்டத்தில் நோயாளிகளில் 60 சதவீதம் பேருக்கு இறுதிச் சடங்கு வழியாகவே தொற்று வந்ததாக மதிப்பிட்டார்கள். அடக்கம் செய்யும் முறையை மாற்று என்று மாடலும் சொன்னது, களத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள்.

மாற்றுவது எப்படி என்று மட்டும் எந்த மாடலுக்கும் தெரியவில்லை. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 2014 ஆகஸ்டில் எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவு போட்டார்கள். எரிக்கும் வழக்கமே இல்லாத மக்கள். அஸ்தி கூடக் கைக்கு வராது, கல்லறை இருக்காது. விளைவு, குடும்பங்கள் உடல்களை ஒளித்துவைத்து ரகசியமாகப் புதைக்கத் தொடங்கின. காய்ச்சல் வந்தவரையே மறைத்தார்கள். தொற்றைக் குறைக்க வந்த விதியே தொற்றை மறைவிடத்துக்குத் தள்ளியது. மானிடவியலாளர்களும் மதத் தலைவர்களும் உட்கார்ந்து பேசிய பிறகுதான் வழி பிறந்தது. நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் “பாதுகாப்பான, மரியாதையான அடக்கம்” என்ற நடைமுறையை வெளியிட்டது. உடலைத் தொடக் கூடாது. ஆனால் குடும்பத்தார் வரலாம், பார்க்கலாம், அவரவர் மத வழக்கப்படி பிரார்த்தனை செய்யலாம், கல்லறையில் பெயர் இருக்கும். மாடலில் இது ஒரே ஓர் எண்ணைக் குறைப்பது. தரையில் அது ஒரு தாயிடம் மகனைக் குளிப்பாட்டாதே என்று கேட்பது. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை மறந்துவிட்டு மாடல் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

சரி, கணித்ததைவிட ஏன் அவ்வளவு குறைவாக வந்தது? உலகம் உதவிக்கு வந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் உண்மையாகாது. லைபீரியாவில் செப்டம்பர், அக்டோபரிலேயே நோய் இறங்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்கப் படையினர் கட்டிய சிகிச்சை மையங்களில் பல, திறந்தபோது நோயாளியே இல்லாமல் இருந்தன. மக்கள் தாங்களே மாறிவிட்டார்கள். கைகுலுக்குவதை விட்டார்கள், வீட்டு வாசலில் குளோரின் கலந்த தண்ணீர் வாளி வைத்தார்கள், தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்று இளைஞர்கள் வீடுவீடாகப் போய் விசாரித்தார்கள். பக்கத்து வீட்டில் சாவு விழும்போது மனிதர்கள் நேற்று மாதிரியே இன்றும் இருக்க மாட்டார்கள். அறிக்கையின் நிபந்தனையே அவர்கள் மாற மாட்டார்கள் என்பதுதான்.

இன்னொரு காரணம் கணிதத்துக்குள்ளேயே இருக்கிறது. எளிய மாடல், ஊரில் உள்ள எல்லோரும் எல்லோரோடும் சமமாகக் கலந்து பழகுவதாக வைத்துக்கொள்கிறது. எபோலா அப்படிப் பரவுவதில்லை. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் மனைவி, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், செவிலியர் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் பரவுகிறது. அந்த வட்டத்தில் எல்லோருக்கும் வந்த பிறகு அங்கே போவதற்கு ஆளில்லை. அதனால் பல மாவட்டங்களில் வளர்ச்சி, இரட்டிப்பு இரட்டிப்பாக ஏறாமல், கொஞ்சம் மெதுவாகவே ஏறியது. சராசரி என்ற எண்ணும் நிறைய மறைக்கும். சியரா லியோன் தலைநகர்ப் பகுதியை ஆராய்ந்த பிந்தைய ஆய்வொன்று, சுமார் 3 சதவீத நோயாளிகளே 61 சதவீதத் தொற்றுக்குக் காரணம் என்று மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் யாருக்குமே கொடுக்கவில்லை. சிலர் பத்து, இருபது பேருக்குக் கொடுத்தார்கள். சராசரி 1.8 என்பதற்குள் இவ்வளவும் இருக்கிறது. இதையெல்லாம் பிடிக்கத்தான் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாக, வீடு, வேலை, பயணம் சகிதமாகக் கணினியில் உருவாக்கும் மாடல்கள் வந்தன. அவற்றுக்கு நல்ல தரவு வேண்டும். எபோலாவின் நடுவில் அது கிடைப்பது அரிது.

குறுகிய காலக் கணிப்பு எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். சிடிசி அறிக்கை வந்த அதே நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் குழுவும் ஒரு கணிப்பு வெளியிட்டது. நவம்பர் 2-க்குள் 20,000 பேரைத் தாண்டும் என்றது. பதிவானது சுமார் 13,000. தப்புதான், ஆனால் ஆறு வாரத்துக்குப் படுக்கையும் கையுறையும் ஏற்பாடு செய்கிறவருக்கு உதவும் தப்பு.

இனி, மாடல் உண்மையிலேயே தவறிய ஒரு சம்பவத்துக்கு வருகிறேன். அதையும் எபோலாவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2020 அக்டோபரில் இந்திய அரசு அமைத்த ஒரு நிபுணர் குழு, கொரோனா உச்சத்தைக் கடந்துவிட்டது, பாதுகாப்பு நெறிகளைத் தொடர்ந்தால் 2021 பிப்ரவரிக்குள் பரவல் கிட்டத்தட்ட அடங்கிவிடும் என்றது. மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருக்கும் என்பது அவர்கள் மாடலின் மதிப்பீடு. ஆனால் அதற்குச் சற்று முன்பு, ஆகஸ்ட், செப்டம்பரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்துச் சோதித்தபோது, சுமார் 7 சதவீதம் பேரிடம்தான் எதிர்ப்புப் புரதம் இருந்தது. அந்தக் கணக்கெடுப்புகளில் பெரும்பங்கு வகித்தது சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். டிசம்பர், ஜனவரியில் எடுத்த அடுத்த சுற்றிலும் 21 சதவீதத்தைச் சுற்றியே வந்தது. அதாவது ஐந்தில் நான்கு பேர் இன்னும் நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள். பின்னாலேயே டெல்டா என்ற உருமாறிய கொரோனா வந்தது. 2021 மே 6 அன்று ஒரே நாளில் 4.14 லட்சம் புதிய நோயாளிகள் பதிவானார்கள்.

டெல்டா வரும் என்பதை எந்த மாடலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தப் பரிசோதனை ஒன்று சொல்ல, தங்கள் சமன்பாடு வேறொன்று சொல்ல, சமன்பாட்டின் பக்கம் சாய்ந்தது குறைதான். எபோலா எண் ஒரு நிபந்தனையோடு வந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை, நல்லவேளை. 2020-இன் கணிப்பில் இருந்த எண், கையில் இருந்த அளவீட்டோடு அப்போதே ஒத்துப்போகவில்லை. முதலாவதை “தப்பு” என்று சொல்வதில் பெரிய பொருள் இல்லை. இரண்டாவதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. எபோலா எண் பயத்தை உண்டாக்கி உதவியைக் கொண்டுவந்தது. 2020-இன் எண், நிம்மதியைக் கொடுத்து எச்சரிக்கையைத் தளர்த்தியது. பொய்யான நிம்மதிக்கு மக்கள் கொடுக்கும் விலை அதிகம்.

ஆகவே இனி இப்படி ஓர் எண் செய்தியில் வந்தால், அது எந்த நிபந்தனையோடு வருகிறது, எத்தனை நாள் தூரத்துக்குச் சொல்கிறது என்று முதலில் தேடுங்கள். பிறகு அதிலுள்ள முக்கியமான எண் ஒன்றையாவது யாராவது மனிதர்களிடம் நேரில் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒற்றை எண்ணாக, வரம்பே இல்லாமல் வந்தால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இதைவிட நல்ல வழி, நீங்களே ஒன்று செய்து பார்ப்பது. செல்போனில் இருக்கும் விரிதாளே போதும். மூன்று நிரல்கள்: நோய் வர வாய்ப்புள்ளவர்கள், தொற்றுள்ளவர்கள், மீண்டவர்கள். முதல் வரியில் மொத்தம் ஒரு லட்சம் பேர், அதில் 10 பேருக்குத் தொற்று. ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொற்று பெறுகிறவர்கள் = 0.12 × தொற்றுள்ளவர்கள் × வாய்ப்புள்ளவர்கள் ÷ ஒரு லட்சம். மீள்கிறவர்கள் = தொற்றுள்ளவர்கள் ÷ 15. அடுத்த வரியில், புதிதாகத் தொற்று பெற்றவர்களை முதல் நிரலில் கழித்து இரண்டாவதில் கூட்டுங்கள், மீண்டவர்களை இரண்டாவதில் கழித்து மூன்றாவதில் கூட்டுங்கள். இதில் ஆர்-நாட் 1.8 (0.12-ஐ 15-ஆல் பெருக்கியது). ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு வரிகளைக் கீழே இழுத்துவிட்டால், கடைசியில் சுமார் 73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருக்கும். 0.12-க்குப் பதில் 0.08 போட்டால் ஆர்-நாட் 1.2. வருடக்கணக்கில் மெதுவாக ஊர்ந்து 31 சதவீதத்தில் நிற்கும்.

அப்புறம் மறுபடி 0.12-இலேயே தொடங்கி, 60-ஆம் நாளில் அதைப் பாதியாக, 0.06 ஆக, மாற்றுங்கள். அன்றைக்குத் தொற்றோடு இருப்பவர்கள் 225 பேர் அளவில் இருப்பார்கள், அங்கிருந்து எண்ணிக்கை இறங்கும். அதே மாற்றத்தை 90-ஆம் நாளில் செய்தால், இறக்கம் தொடங்குவது 1,000 பேர் அளவிலிருந்து. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை இருக்கிறது என்று விசாரித்து, அந்த எண்ணையும் பக்கத்து நிரலில் எழுதிவையுங்கள்.